நடுவில் கை விட்டுப் படித்த புத்தகம்

மான்செஸ்டர்
8-2-1937

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நான் சுகம். உனக்கு இருமல் நின்றதா? அய்யா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? ஆவணியில் ஊருக்கு வருவேனா என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே மேல்படிப்புக்கு வாரம் ஐந்து இங்கிலீஷ் புத்தகம் படிக்க வேண்டும். அகராதியோடு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பத்துப் பக்கம் நகராது. அதனால் நம் பருத்திக் கடைப் பழக்கத்தில் ஒன்று செய்தேன். மூட்டையின் மேலே நல்ல பருத்தியை வைத்து ஏமாற்றுவார்கள் என்று நடுவில் கை விட்டுப் பார்ப்போமே, அதுபோல முன்னுரையைத் தள்ளிவிட்டு நடுவில் நாலு பக்கம் படித்தேன். அதுதான் புத்தகம் எழுதியவர் கருத்து என்று வகுப்பில் அடித்துப் பேசினேன். அது அவர் மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன எதிராளியின் வாதமாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"அண்ணே, புஸ்தகம் என்ன பருத்தி மூட்டையா?" என்றான், கூடப் படிக்கும் மதுரை வக்கீல் மகன் ராஜாராமன்.

"நேத்தே சொல்லியிருந்தா இம்புட்டு மானம் போயிருக்காதே, தம்பி" என்றேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. படிப்பை இன்னொரு வருஷம் நீட்டிக்கொள், இல்லையென்றால் ஊருக்குப் போ என்றார். மில்காரர்களின் இங்கிலீஷ் ஒப்பந்தத்தை இன்னும் எத்தனை காலம் அடுத்தவனைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது? நீட்டிக்கொண்டேன். இந்த ஆவணிக்கு வர முடியாது.

சுக்கும் மிளகாய்ப் பொடியும் அனுப்பு. உனக்காகக் கடிதம் எழுதும் உன் அண்ணன் பக்கம் பக்கமாகக் கடை விவரம் எழுதிவிட்டு, நீ கேட்டதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார். இனி நீ சொல்வதை எழுதச் சொல். திட்டினால் திட்டியதையும் எழுதட்டும். தபால் பையைக் கட்டப் போகிறார்கள், நிறுத்துகிறேன்.

முத்துக்கருப்பன்