அத்தை திட்டாத மழை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ நலமாக இருப்பதாக உன் அம்மா உன் குரலை வைத்துச் சொல்கிறாள், நான் உன் எழுத்தை வைத்துச் சொல்கிறேன், எப்போதும் இல்லாத அதிசயமாக இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருப்பதால் அதை நம்பிவிட்டோம்.

நீ ஐந்தாம் வகுப்பில் என்னிடமே படித்தாய் அல்லவா, வகுப்பில் என்னைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நமக்குள் ஒப்பந்தம் இருந்தது. ஒரு நாள் சுவரில் ஆறுகளின் படத்தை மாட்டி, இந்த ஆற்றுக்காக இந்த நாடும் அந்த நாடும் சண்டை போட்டன என்று குச்சியால் காட்டிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து, சார், தண்ணி இல்லாததால சண்டை வருதா, இருக்கறதால வருதா என்று கேட்டாய். அது அடுத்த வருஷப் பாடம், உட்காரு என்றேன். அடுத்த வருஷப் புத்தகத்திலும் அது இல்லை. இப்போது எனக்கு ஓய்வும் இருக்கிறது, கையில் ஓர் உதாரணமும் கிடைத்திருக்கிறது. உதாரணம் உன் அத்தை.

நம் மொட்டை மாடித் தண்ணீர் அத்தை வீட்டு முற்றத்தில் விழுவது உனக்குத் தெரியும். உன் தாத்தா கட்டும்போது இரண்டும் ஒரே மனை, மாடித் தண்ணீர் வடியும் வாட்டம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார். அப்புறம் எனக்கும் அத்தைக்கும் பாகம் பிரித்து நடுவில் சுவர் வந்தது, வாட்டம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அத்தை குடையோடு வெளியே வந்து, எங்க அப்பன் எனக்கு எழுதி வச்சது இந்தச் சேறுதான், தம்பிக்கு வீடு எனக்கு அருவி என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். துணி கறையாகும், முற்றம் பாசி பிடிக்கும், ஒரு முறை வழுக்கி விழுந்து கை கட்டோடு இருந்தாள். நியாயமான புகார்தான். நீ அந்தக் குளிர் நாட்டுக்குப் போன வருஷம் இரண்டு வீட்டிலுமாக நாலு பேர் உட்கார்ந்து பேசி, நான் பிளம்பரை வரவழைத்து, எல்போ என்கிற வளைவுத் துண்டும் நீளக் குழாயும் மாட்டி அத்தனை தண்ணீரையும் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டேன். எல்லோரும் தேநீர் குடித்தோம். நாற்பது வருஷச் சண்டை ஒரு குழாயில் தீர்ந்தது என்று நான் பெருமையாக உனக்கு எழுதினேன், அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு.

அதற்குப் பிறகு வந்த கோடைகளில் அத்தை கிணறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சுவரை ஒட்டி இருக்கும் நம் ஆழ்துளைக் கிணறு, அந்தப் போரும் தண்ணீருக்குப் பதில் காற்றை இறைத்து இருமியது. அத்தை, உன் போர்தான் என் கிணத்த உறிஞ்சுது என்றாள். நான், உன் மோட்டார்தான் விடிய விடிய ஓடுது என்றேன். அவள் மோட்டார் சத்தம் கேட்டதும் உன் அம்மா ஓடிப்போய் நம் சுவிட்சைப் போடுவாள், நம் சத்தம் கேட்டதும் அத்தை போடுவாள், தேவை என்ற பேச்சே இல்லை. இரண்டு வீட்டுத் தொட்டியும் நிரம்பித் தெருவில் வழிந்தது, கீழே கிணறு வற்றியது. நாடுகள் ஆயுதம் சேர்க்கும் பாடத்தை நான் இருபத்தாறு வருஷம் நடத்தியிருக்கிறேன், நம் வீட்டில் அதற்கு ஒரு சுவிட்சு இருப்பது தெரியவில்லை. பேச்சு நின்றுபோனது. பால்காரர்தான் தூதர். அவர் இந்தப் பக்கம் சொன்னதில் பாதியைத்தான் அந்தப் பக்கம் சொல்வார், அதனால்தான் கைகலப்பு இல்லாமல் போனது.

கிணறு எவ்வளவு வற்றியது என்றால், சின்ன வயதில் நீ தவறவிட்டு மூன்று நாள் அழுதாயே, அந்தச் சிவப்பு வாளி, அது அடியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டுப் பால்காரரிடம், வாத்தியார் மக வாளி கிடைச்சிருச்சு, தண்ணிதான் காணோம் என்று சொல்லி அனுப்பினாள்.

இந்தச் சமயத்தில்தான் லாரிக்காரர் வந்தார். தெருத் தெருவாகத் தண்ணீர் விற்கிறவர். அத்தை வீடு மூலை மனை, லாரி திரும்ப வசதி. வீட்டுக்குள் எத்தனை அறை என்றுகூட அவர் கேட்கவில்லையாம், முற்றத்தை மட்டும் காலால் தட்டிப் பார்த்தாராம். வீட்டை வாங்கி, இடித்து, ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சுவது அவர் திட்டம். அப்படி நடந்தால் நம் போர் மட்டுமில்லை, தெருவில் ஒரு வீட்டிலும் குழாய் வேலை செய்யாது, எல்லோரும் குடத்தோடு அவர் லாரியின் பின்னால்தான் நிற்க வேண்டும். அத்தைக்கும் அது தெரியும். மாமா போன பிறகு தனியாக, தண்ணீரும் இல்லாமல் எத்தனை நாள் இருப்பாள். நான் போறேன், தம்பியும் தம்பி பொண்டாட்டியும் காத்த எறச்சுக் குடிக்கட்டும் என்று செய்தி வந்தது. இந்தச் செய்தியைப் பால்காரர் பாதியாக்காமல் முழுசாகவே சொன்னார், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முன்பணம் வாங்க நாள் குறித்தாகிவிட்டது. அக்காவிடம் போய்ப் பேசச் சொல்லி உன் அம்மா என்னை விரட்டினாள். அவ வந்து பேசட்டும் என்று நான் சொன்னேன், அவளும் அங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

அந்த வாரம் பெருங்காற்றோடு மழை. எல்போ கழன்று, குழாயோடு சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது, மாடித் தண்ணீர் முழுவதும் பழையபடி அத்தை முற்றத்தில் கொட்டியது. நான் ஜன்னலருகே உட்கார்ந்து திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் மழை, மறுநாளும் திட்டு இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கொட்டியபோதும் சத்தமே இல்லை. உன் அம்மா கவலையோடு வந்து, ஏங்க, உங்க அக்கா ஒரு வார்த்தை திட்டல, உடம்புக்கு என்னமோ, போய்ப் பாருங்க என்றாள்.

போனேன். அத்தை குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மண்வெட்டியால் முற்றத்திலிருந்து கிணற்றுக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, என்ன வாத்தியாரே, குழாய மாட்ட வந்தியா என்றாள். இல்லக்கா, விழுந்த குழாயத் தேடி வந்தேன் என்றேன். அது இங்க விழல என்றாள். அவளுக்குப் பின்னால் துவைக்கும் கல்லுக்கு அடியிலிருந்து அதன் இரண்டு முனையும் நீட்டிக்கொண்டிருந்தன. சரிக்கா, காத்துல எங்கேயோ போயிருக்கும் என்றேன். எங்கேயாவது போயிருக்கும் என்றாள்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தேன். மழையில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் நம் வீடு எப்படி இருக்கிறது தெரியுமா, நம்மிடம் உள்ளதையெல்லாம் யாரோ ஒருத்தி தலையில் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. நானாக இருந்தால் இன்னும் பலமாகத் திட்டியிருப்பேன். திட்டு வாங்கிய அதே தண்ணீர்தான் நாற்பது வருஷமாகப் பாசி வழியே மண்ணுக்குள் இறங்கி அவள் கிணற்றையும் நம் போரையும் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் உட்கார்ந்து பேசினோமே, அதில் ஒருவருக்காவது தண்ணீர் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அத்தை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாளி முங்கிருச்சு, போய்ப் பாரு என்றாள். பார்த்தேன். சிவப்பு தெரியவில்லை. மூன்று மழையில் கிணறு நிரம்பியது என்று எழுதினால் நான் வாத்தியாரே இல்லை, கலங்கிய தண்ணீர் கொஞ்சம் நின்றது, வாளி மறையும் அளவுக்கு.

லாரிக்காரர் முன்பணத்தோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அத்தை அவருக்குத் தேநீர் கொடுத்து, வீடு என்னுதுதான் தம்பி, ஆனா தண்ணி இவன் மாடியில இருந்துல்ல வருது, அத நான் எப்படி விக்க என்றாள். அவர் தெருவில் நின்று நம் மாடியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். விலை கேட்பாரோ என்று நினைத்தேன், கேட்கவில்லை, போய்விட்டார். திரும்பி வரமாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த கோடையில் வாளி மறுபடி தெரிந்தால் அவரும் தெரிவார்.

இப்போது சண்டை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. மழைக்கு முன் மாடியைப் பெருக்கவில்லை, சருகெல்லாம் என் கிணற்றில் வருகிறது என்று அத்தை திட்டுகிறாள். ஊர்ல யார் வீட்டுலயாவது அடுத்த வீட்டுக் கிணத்துக்காக மாடி பெருக்குறாங்களா என்று சொல்லிக்கொண்டே உன் அம்மா பெருக்குகிறாள். மோட்டார் போடும்முன் அத்தை சுவருக்கு மேல் குரல் கொடுக்கிறாள், நாம் காத்திருக்கிறோம், அப்புறம் நாம் கொடுக்கிறோம். பால்காரர் பாலை மட்டும் ஊற்றிவிட்டுப் போகிறார், முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது. உன் கேள்விக்கு முழு விடை எனக்கு இன்னும் தெரியாது, பாதி மதிப்பெண் போட்டுக்கொள்.

குளிர் நாட்டில் வெறுங்காலோடு நடக்காதே. அத்தைக்கு ஒரு முறை போன் செய், வாளியைப் பற்றிக் கேள், சந்தோஷப்படுவாள். எங்கள் இருவர் ஆசியும் அத்தையின் ஆசியும் உனக்கு உண்டு, அத்தை தன்னுடையதைத் தனியாக எழுதச் சொன்னாள்.

ஒன்று மறந்தேன். உன்னோடு தங்கியிருக்கும் பெண் ஜன்னலைத் திறந்து திறந்து வீட்டுச் சூட்டையெல்லாம் வெளியே விடுகிறாள், ஹீட்டருக்குப் பூட்டு வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மாலை, ஜன்னலைப் பற்றிப் பேசாமல், அவள் அறையில் அவள் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்.

இப்படிக்கு,
உன் அப்பா