இரண்டாவது ரத்தம்

அக். 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குடைக்கம்பி முறிந்தது. விழுப்புரம் ஆய்வகத்தில் இரண்டு முறை கரண்ட் கட். ஜிகா சோதிக்க வந்த புதுக் கிட் இன்றும் பேஜார். டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பத்து வைரஸ். என்றைக்கோ டெங்கு வந்துபோன ரத்தத்தைப் போட்டாலும் கிட் ‘ஜிகா’ என்கிறது. அண்ணன் திருடினால் தம்பியைப் பிடித்து அடிக்கிற போலீஸ் புத்தி.

திண்டிவனம் முகாமிலிருந்து வந்ததில் ஒன்று: ப. சுமதி, பிரம்மதேசம், தாய்வீடு. நாலாம் மாதம். காய்ச்சல். கிட்டில் ஜிகா பாசிட்டிவ். நிஜமாகவே ஜிகா என்றால் பிள்ளைக்குத் தலை வளராமல் போகலாம். பதினான்கு நாள் கழித்து இரண்டாவது ரத்தம் வேண்டும். ஆன்டிபாடி ஏறியிருந்தால் புதுத் தொற்று. அப்படியே நின்றால் பழைய டெங்குவின் மிச்சம். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று ஆய்வக ஹெட் உத்தரவு.

அக். 28, செவ்வாய்

ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கத் திருவிழாக் கூட்டம். ஊசி பிடித்தே விரல் மரத்துவிட்டது. ஆளுக்கொரு ராமாயணம். ஒரு பிள்ளைத்தாய்ச்சி, “மேடம், நான் ஏற்கெனவே…” என்று இழுத்தாள்.

“கதையெல்லாம் வேணாம். பேரு, இனிஷியல், கைய நீட்டு. ஜல்தி.”

மதியம் தயிர்சாதம். புளித்துவிட்டது.

அக். 31, வெள்ளி

பட்டியலில் ஒரே ஒரு ஓட்டை. ப. சுமதி, இரண்டாவது ரத்தம் இல்லை. போன் போட்டேன். இப்போது விழுப்புரத்தில், மாமியார் வீட்டில்.

“குடுத்துட்டேனே மேடம்.”

“பொய் சொல்லாத. லிஸ்ட்டு என் கையில இருக்குது.”

“நிஜமாத்தாங்க…”

எரிச்சல். ஹெட் சொன்னது மறந்துவிட்டது. இல்லை, மறக்கவில்லை. பயந்தால் வருவாள் என்றுதான் சொன்னேன்: “உனுக்கு ஜிகா பாசிட்டிவ். புள்ள சின்னத் தலையோட பொறந்தா அப்ப அழுதுக்கினு வருவ.”

பின்னால் மாமியார் குரல்: “இன்னாடி சொல்றாங்க? இன்னா தலை?”

வைத்துவிட்டேன். திட்டியதில் மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நவ. 6, வியாழன்

வெயில். சளி. இன்னும் வரவில்லையே என்று மறுபடி போன். மாமியார் எடுத்தாள்.

“அதான் நேத்தே கலைச்சாச்சே. அந்தப் புள்ளய யாரு கட்டிக்கினு மாரடிக்கிறது? இன்னும் இன்னாத்துக்குப் போன் பண்ணிக்கினே இருக்கீங்க?”

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

நவ. 10, திங்கள்

28ஆம் தேதிக் குழாய்களை இன்றுதான் பார்த்தேன். அதில் ஒன்று: ச. சுமதி, விழுப்புரம், கர்ப்பிணி. பிறந்த தேதியும் போன் நம்பரும் ப. சுமதியுடையவை. தாய்வீட்டில் அப்பா பச்சையப்பன் இனிஷியல், இங்கே புருஷன் சங்கர் இனிஷியல். ஒரே பெண், இரண்டு பதிவு. அன்றைக்கு இழுத்துப் பேசியவள் அவள்தான். எழுதியிருப்பது என் கையெழுத்து.

ஆன்டிபாடி ஏறவே இல்லை. பழைய டெங்கு. ஜிகா கிடையாது.

ஹெட்டிடம் சொன்னேன். அவர், “ஜோடி ரத்தம் கெடைச்சிடுச்சு இல்ல? கிட் ரிப்போர்ட்டுல சேத்துடுங்க. கிட் எங்க தப்பு பண்ணுதுன்னு காட்ட நல்ல உதாரணம்.” பாவி. நானும் சேர்த்தேன்.

நவ. 11, செவ்வாய்

தூறல். பத்து மணிக்கு சுமதியே கூப்பிட்டாள்.

“மேடம், அந்த ரெண்டாவது ரத்தம்… இப்ப வந்து குடுக்கட்டுமா? திட்டாதீங்க.”

“வேணாம்மா. கெடைச்சிடுச்சு.”

“நான்தான் குடுத்தேன்னு சொன்னேனே. அதுல இன்னா வந்துச்சுங்க?”

டவர் இல்லை, கேட்கவில்லை என்றேன்.

“எனக்கு நல்லாக் கேக்குதுங்க மேடம்,” என்றாள்.