இடது பக்கத்து சுவிட்ச்

ஏனுங்க,

புதுச்சத்திரம் தாண்டி ஒரு வேகத்தடையில் குலுங்கியதும் நம் கார் மறுபடி நின்றுவிட்டது. கண்ணாடியை ஏற்றியிருந்ததால் உள்ளே உங்கள் பன்னீர்ப் புகையிலை வாசனை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. சீட்டுத் துணியை விட்டு அது போகவில்லை. நீங்கள் போன பிறகு நான் கற்றுக்கொண்ட டிரைவிங் ஸ்கூல் வண்டி என் கையில் ஒரு நாளும் நின்றதில்லை. இது மட்டும் நிற்கிறதே, செத்தும் என்னைத் தடுக்கிறீர்களா என்று நினைத்தேன்.

மெக்கானிக் தம்பி ஏற்கெனவே பிளக்கைத் துடைத்து, பில்டரை மாற்றியிருந்தான். இந்த முறை அவனே ஓட்டிப் பார்த்தான். "சூடாகி நிக்கலீங்கக்கா, குலுங்குனாத்தான் நிக்குது. அப்ப எங்கியோ ஒயரு லூசுங்க" என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். "இங்க ஒரு கட் ஆஃப் சுவிட்ச் இருக்குதுங்களே, அண்ணன் சொல்லலீங்களா? லாரிக்காரங்க திருட்டுக்குப் பயந்து மறைவா வெக்கறதுதானுங்க. அமுத்துனா இன்ஜினுக்குக் கரண்டு போகாது. இதோட ஒயருதான் லூசாகிக் கெடக்குதுங்க."

அது இருந்தது இடது பக்கம், பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு மேலே.

எருமப்பட்டி ரோட்டில் நீங்கள் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. மூன்றாவது கியர் போட்டு நான் கொஞ்சம் சந்தோஷப்படுவதற்குள் இன்ஜின் விக்கி அணையும். உங்கள் கை எதையோ தேடுவது போல அங்கேதான் இருக்கும். "உனக்குக் கிளச்சு வராது சாமி. நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு ஸ்டேரிங்கு?" என்று சிரித்துக்கொண்டே இடம் மாறுவீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"நான் ஓட்டறேன், நீ அமுத்து தம்பி" என்றேன். அமுத்தினான். அதே விக்கல்.

ஏன் செய்தீர்கள்? எங்கே போனாலும் உங்களோடுதான் போக வேண்டும் என்ற ஆசையா? அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று தம்மம்பட்டியிலிருந்து போன் வந்த காலையில் நீங்கள் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தீர்கள். கார் ஷெட்டில் நின்றது. சாவியை எடுத்தேன், எனக்குத்தான் வராதே என்று திரும்ப மாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உன்னையவே கேட்டுட்டுக் கெடந்துச்சு புள்ள. கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா. காரியத்துக்கு வந்த நீங்கள் என்னைவிட அதிகம் அழுதீர்கள். மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே பேசியது. எதற்கு அழுதீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

சுவிட்சைப் பிடுங்கி எறியச் சொன்னேன். நேற்று நானே தம்மம்பட்டிக்கு ஓட்டிப் போனேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. சண்டை போட நீங்கள் இல்லை, பார்க்க அம்மா இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் இறங்கி, வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மணி பார்த்தேன். அன்று காரில் கிளம்பியிருந்தால், அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்திருப்பேன்.