கண்ணூறு கழித்த கெட்டிக்காரி

3 மே 2016, செவ்வாய், ஓல்டன், சுவிஸ்
மகள் மதுஜா பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுக்கு இன்னும் பதினொரு நாள். மண்டபம், மணவறை, மேக்கப்காரி, இருநூற்று நாற்பது விருந்தாளிகள், எல்லாம் சரி. பெண் மட்டும் வீட்டில் நிற்பதில்லை. சியர்லீடிங் பயிற்சியாம். நாலு பெட்டைப் பிள்ளைகள் இவளை மேலே எறிந்து பிடிப்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை எறிவதற்கு நாங்களே சாப்பாடும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம்.

4 மே, புதன்
எறிந்தார்கள். பிடிக்கும்போது ஒருத்தியின் முழங்கை மதுஜாவின் கன்னத்தில் இடித்து, பின்மண்டை தரையில் அடிபட்டதாம். கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம். கண்டதும் நான் கேட்டது: "ஐயோ, ஃபோட்டோவுக்கு இனி என்ன செய்யிறது?"
மச்சாள் செல்வராணி ஆறுதல் சொன்னா. "பவுண்டேசன் பூசினால் ஒண்டும் தெரியாது, மனோகரி." நிம்மதியாகப் படுக்கப் போகிறேன்.

6 மே
நேற்றும் இன்றும் விடுமுறை. பிள்ளை ஒரே நித்திரை. நல்லது, முகம் தெளியும்.

7 மே, சனி
காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணூறு! சாறி எடுக்கப் போன இடத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள்! செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று தரம் தலையைச் சுற்றி, சட்டியில் போட்டு எரித்தேன். புகை அலாரம் கத்தியது. கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். மதுஜா காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, தலை வெடிக்குது" என்று அழுதாள்.
சரியான பொல்லாத கண்தான் என்று நினைத்தேன்.

8 மே, ஞாயிறு
வேலையில் ஒரு கிழவி கதிரையிலிருந்து வழுக்கினா. எங்கள் முதியோர் இல்லத்தில் யார் விழுந்தாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஏழு கேள்வி. தலையிடி உண்டா? வழமையைவிட நித்திரையா? வெளிச்சமும் சத்தமும் தாங்குகிறாவா? சத்தி எடுத்தாவா? கிழவிக்கு எல்லாம் "இல்லை".
பேனை நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் "ஓம்" போடவேண்டியவள் என் வீட்டில் திரைச்சீலையை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள்.
பதினொரு வருசமாய் இந்தத் தாளை நிரப்பிறன். புதிதாய் வாறவைக்குப் படிப்பிக்கிறதும் நான்தான். ஊருக்கு உபதேசம்! சொந்தப் பிள்ளைக்கு மிளகாய் எரிச்சவளெல்லோ நான் — விசரி!
உடுப்பும் மாற்றாமல் வீட்டுக்கு ஓடினேன்.

9 மே
மூளை அதிர்ச்சி. கன்ன எலும்பில் மெல்லிய வெடிப்பு. மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு கிழமைக்கு வெளிச்சம், சத்தம், சனம் எதுவும் கூடாது. இன்னொரு அடி பட்டிருந்தால்? கேட்கப் பயமாக இருந்தது.
"தலையிடிக்குதெண்டு அண்டைக்கே ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மதுஜாவைக் கேட்டேன்.
"நீங்கள் ஃபோட்டோவைத்தானே கேட்டனீங்கள்."
கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

10 மே
விருந்தாளிகளுக்கெல்லாம் தொலைபேசி. "காய்ச்சல் எண்டு சொல்லுவம்" என்றார் மதுஜாவின் அப்பா. வேண்டாம் என்றேன். பிள்ளை விழுந்தாள், நான்தான் கவனிக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். முப்பதாவது ஆளுக்குப் பிறகு வெட்கம்கூடக் களைத்துப்போனது.
மச்சாள் விடவில்லை. "அடி தலைக்குத்தானே? மேக்கப் முகத்துக்கெல்லோ?"
சிரிக்க வந்தது. ஆறு நாளுக்கு முன் இதே மச்சாளுக்குத் தலையாட்டியவள் நான்.

21 செப்டம்பர், புதன்
மண்டபம் பிறகு எடுக்கவில்லை. ஆவணியில் வீட்டிலேயே பன்னிரண்டு பேரோடு தண்ணி வார்த்தோம்.
டாக்டர் விட்டபடியால் மதுஜா திரும்பவும் பயிற்சிக்குப் போகிறாள். இப்போது கீழே நின்று பிடிப்பவள். இல்லத்துத் தாளின் ஏழு கேள்வியும் அவளுக்கும் மனப்பாடம். இன்று அங்கேயிருந்து தொலைபேசி எடுத்தாள்.
"அம்மா, ஒருத்தியின்ர கால் என்ர வாயில பட்டு சொண்டு வெடிச்சிட்டுது. வீட்டை வர முதல் சொல்லுறன்."
"தலையிடிக்குதோ? நித்திரை வருதோ? வெளிச்சம் கூசுதோ?" பாடம்போல் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாக "இல்லை" என்றாள்.
"அம்மா, ஆறுதான் கேட்டனீங்கள். சத்தி வருதோ எண்டு கேக்கேல்லை."
"வருதோ?"
"இல்லை. பசிக்குது."
இடியப்பம் அவிய வைத்துவிட்டு எழுதுகிறேன்.