லாபம் என்று எழுதின பதினோரு வீடு

மொரப்பூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள ராதிகா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அத்தனை தூரத்தில் கௌகாத்தியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் விளக்கு ஏற்றுகிறேன். அப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். உன் தம்பி மாதேஷ் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று புலம்புகிறான், ஒரு போன் போட்டுப் பேசு. செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல நான் உட்காரவில்லை. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு முறை போன் போட்டேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். திட்டுவதென்றால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொருளாதாரக்காரர்களுக்கு மூத்தவர்கள் ஒரு வருஷம் கூட இருந்து வழி சொல்கிற திட்டத்தில் நானூறு பேரில் முப்பது பேரைத்தான் எடுத்தார்கள், அதில் நானும் ஒருத்தி என்று நீ சொன்ன அன்று, என் சித்தேரி மலை அங்கன்வாடி சென்டர் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். வருகிற பதினெட்டாம் தேதி டெல்லியில் உன் மென்டர் அம்மா உன் கட்டுரையை வரிவரியாகப் பார்ப்பார் என்றாய். மென்டர் என்றால் யார் என்று கேட்டதற்கு, தப்பக் கண்டுபுடிச்சு நமக்கு மட்டும் சொல்றவங்கம்மா என்று சிரித்தாய். தப்பு என்னிடம் இருக்கிறது கண்ணு.

போன சித்திரையில், அங்கன்வாடி டீச்சர் என்றால் எல்லா வீட்டிலும் உள்ளே விடுவார்கள் என்று உன் கட்டுரைக்காக நீ கேட்டதால், சித்தேரியில் அறுபது வீடு ஏறி இறங்கினேன். அடுத்த விளைச்சல் வரைக்கும் சாப்பிட எத்தனை வள்ளம் சாமை மிச்சம் இருக்கிறது என்பது கேள்வி. வாய்ச்சொல்லை எழுதாதே, அளக்கச் சொல்லிப் பார்த்து எழுது என்று நீ சொன்னபடியே கூடையையும் வள்ளப்படியையும் கொண்டுவரச் சொல்லி அளக்க வைத்தேன். அளக்கிறவர்கள் கடைசியாக என்ன சொன்னார்களோ அதை நோட்டில் எழுதினேன். நாலு, ஆறு, ஒன்பது. பதினோரு வீட்டில் லாபம் என்று எழுதினேன். போன வியாழக்கிழமை நீ போனில், பதினோரு வூட்ல மிச்சத்த வித்து லாபம் பாத்திருக்காங்கம்மா, மலைச் சனங்க நாம நெனைக்கிறதவிட நல்லாத்தான் இருக்காங்க, அதான் என் கட்டுரையே என்றாய். அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டே நானும் ஆமாம் ஆமாம் என்றேன். மறுநாள் சென்டரில் சமைக்கிற காவேரி, அரிசி அளக்கும்போது முதல் படியை லாபம் என்று சொல்லிப் போட்டாள். அப்போதுதான் நீ சொன்னதில் எங்கே தப்பு என்று எனக்கு உறைத்தது.

இங்கே அளக்கும்போது யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுபோகும் என்று பயம், அதனால் முதல் அளவைக்கு லாபம், அப்புறம் இரண்டு, மூன்று. ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் இருந்தவள் நீ, இதை எங்கே கேட்டிருப்பாய்? எனக்கோ காதில் விழுந்ததை அப்படியே எழுதிப் பழக்கம். அந்தப் பதினோரு வீட்டிலும் இருந்தது ஒரே ஒரு வள்ளம். அதில் ஒரு வீட்டுச் சாலம்மாள் லாபம் என்று சொல்லி அளந்துவிட்டு, கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள், அவ்ளோதானுங்க டீச்சரே என்றாள். அவள் பெண் பிள்ளை யுவராணியை மாசாமாசம் நான்தான் எடை போடுகிறேன். நாலு மாசமாக முள் நகரவில்லை.

உன் மென்டர் அம்மா இதைக் கண்டுபிடித்து, இவளை நம்பி எப்படி ஒரு வருஷம் செலவழிப்பது என்று உன்னைக் கைவிட்டுவிடுவாரோ, மற்ற இருபத்தொன்பது பேருக்கும் தெரிந்து உன் பேர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யாருமே கண்டுபிடிக்காமல் போனால் என்று நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று உன் பேரில் அச்சாகி, அதைப் படித்து எங்கேயோ ஒருவர் சென்டருக்கு வரும் சத்துமாவைக் குறைத்துவிட்டால், நான் எந்த முகத்தோடு மலை பஸ் ஏறுவேன்? பதினெட்டாம் தேதி அவர் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு கண்ணு. நோட்டைக் காட்டு. எழுதினது என் அம்மா, பழக்கதோஷத்தில் எழுதிவிட்டாள் என்று என் பேரைச் சொல். கட்டுரையே போய்விட்டது என்று அழாதே, அழுதாலும் சாப்பிட்டுவிட்டு அழு.

குலசாமி உனக்குத் துணை நிற்கட்டும், உன் படிப்பு யார் வயிற்றிலும் அடிக்காமல் வளரட்டும். டெல்லியில் குளிரும், சால்வையை மறக்காதே. இரண்டு போட்டோ வரும், வரிசை தெரிய மேலே நம்பர் எழுத்தாலேயே எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் லாபம் என்று போடாமல் ஒன்று என்றுதான் போட்டேன்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
பாஞ்சாலி