விதிவிலக்கு தேவையில்லை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவின் முழங்கால் வலி தேவலை. கூரை ஒழுகியதை அடைத்தாகிவிட்டது. உன் போன கடிதம் வந்து சேர்ந்தது. உறையின் வாயில் இரண்டாம் தடவையாகப் பசை தடவியிருந்தது. அதனால் இதை யார் படித்தாலும் பாதகமில்லாதபடி எழுதுகிறேன்.

வேலைநிறுத்தத்துக்காகத் தேடப்படுகிறவர்கள் என்று புதன்கிழமைப் பேப்பரில் போட்ட படங்களில் மாப்பிள்ளையையும் பார்த்தோம். அவர் எங்கே என்று உனக்குத் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று பெரிய கோர்ட்டுக்குப் போயிருந்தேன். போலீஸ் தேடுகிற ஆளுக்கு இடம் கொடுத்தால் எட்டு வருஷம் என்கிற சட்டம் இருக்கிறதே, அதன் வாசகத்தை எழுதியவன் நான்தான், சட்டத் துறையில் இருந்தபோது. அன்று சட்ட வரைவுக் குழுவில் ஒரு உறுப்பினர், "ஏங்க, புருஷன் வந்து தட்டினா பெண்டாட்டி கதவைத் திறக்கறதும் குத்தமா? அவங்களுக்கு விலக்குன்னு ஒரு வரி போட்டுடலாமே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அதைப் போய் யாராவது குற்றம் என்பார்களா என்று நினைத்து, கோப்பின் ஓரத்தில் 'விதிவிலக்கு தேவையில்லை' என்று எழுதினேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அமைச்சர் கீழே கையெழுத்துப் போட்டார்.

நேற்றைய வழக்கு ஒரு நர்ஸம்மாவுடையது. தேடப்பட்ட புருஷன் காய்ச்சலோடு வந்திருக்கிறார்; உள்ளே படுக்கவைத்து மாத்திரை கொடுத்திருக்கிறாள். சட்டம் செய்தவர்களின் எண்ணம் என்னவென்று பார்க்க நீதிபதிகள் பழைய கோப்பை வரவழைத்து, என் வரியை வாய்விட்டுப் படித்தார்கள். விலக்கு கேட்கப்பட்டது, யோசித்து மறுக்கப்பட்டது, ஆகவே மனைவியையும் தண்டிப்பதுதான் நோக்கம் என்று தீர்ப்பு. எட்டு வருஷம்.

என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "ஐயா, அதை எழுதினவன் நான்தாங்க. நான் நெனச்சது அது இல்லீங்க" என்றேன். தலைமை நீதிபதி கோபப்படவில்லை. "நீங்க நெனச்சதை நாங்க எங்க போய்ப் பாக்கறது? எழுதினதுதானே இங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். உன் வயதுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "காய்ச்சலோட வந்தவரை வாசல்லயே நிக்க வெச்சிருக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். இன்று காலையிலிருந்து எதிர்க் கடையில் இரண்டு பேர் ஒரே பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வா. பூட்டிய வீட்டை யார் வந்து தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது. ஒரு தகப்பன் எழுதக் கூடாத வரி இது. தெரிந்தேதான் எழுதுகிறேன். இதற்கு வேறு பொருள் இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். 'நீ' என்று ஒருமையில்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அப்பா மனதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நீயாவது சரியாகப் படித்துக்கொள், அம்மா.

உன்
அப்பா