தட்டிக்குப் பின்னாலிருந்து வந்த சொல்

அக்கா,

அன்றைக்கு நீங்கள் பொய் சொன்னீர்கள். துப்பாக்கியும் தொப்பியுமாக நாங்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றிருக்க, கீற்றுத் தட்டிக்குப் பின்னாலிருந்து "ஒண்ணுமில்ல, போவட்டும்" என்றீர்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் கஞ்சா கட்டியிருந்தது. உங்கள் கை அதைத் தொட்டுப் பார்த்திருந்தது.

இன்று காலை கடற்கரையில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் குழி வெட்டி, வழக்கு முடிந்த கஞ்சா மூட்டைகளை எரித்தோம். காற்று திரும்பி, புகை முழுக்க எங்கள் மேலேயே வந்தது. படையில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஹமீது அண்ணன் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, "தள்ளி நில்லுங்கப்பா. வூட்டுக்குப் போயி பொண்டாட்டியப் பாத்து காரணமில்லாம சிரிச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உங்கள் ஞாபகம். சட்டையை இரண்டு முறை சவுக்காரம் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வாடை இன்னும் கையில் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன். வேறு எங்கும் யாரும் இதை எழுதி வைக்கவில்லை என்பதுதான் காரணம்.

பிரெஞ்சுக்காரன் போனதும் இங்கே எல்லாம் மாறிவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். கொடி மாறியது. அதுவரை எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு போலீசையும் சேர்த்து, கஞ்சாவையும் அபினையும் தடுக்க ஒரு தனிப்படை போட்டார்கள். உள்நாட்டிலிருந்து சரக்கு எங்கள் கரைக்கு வரும். இங்கிருந்து தோணியில் இலங்கைக்குப் போகும். கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பெண்கள். நாற்று நடுகிறவர்கள், விறகு விற்கிறவர்கள், வயிற்றுக்கு வழியில்லாதவர்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். படையில் பெண் கிடையாது. ஆகவே கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பட்டினம் வரை மீன் கூடை தூக்கிவந்து விற்ற உங்களை எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் பிரெஞ்சுக் காலப் பழக்கத்தில் இன்னும் கொமிசேர் என்றே கூப்பிடும் எங்கள் இன்ஸ்பெக்டர், "பஸ்ஸு வர்ற நேரத்துக்கு மட்டும் வந்தா போதும்" என்றார்.

"மீன் வித்து முடிச்சிட்டு வரட்டுங்களா, இல்ல மீனையும் நீங்களே வித்துக் குடுக்குறீங்களா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

சாவடியில் எங்கள் முறை இப்படித்தான் இருந்தது. பஸ் நிற்கும். பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டிக்குப் பின்னால் போவார்கள். நாங்கள் சாலையைப் பார்த்துத் திரும்பி நிற்போம். உள்ளே நடப்பதை எந்த ஆணும் பார்க்கக் கூடாது, ஒட்டுக் கேட்கவும் கூடாது. கடைசியில் உங்கள் குரல் வரும். "இருக்கு" என்றால் கைது. "ஒண்ணுமில்ல" என்றால் பஸ் கிளம்பும். இரண்டு அரசாங்கத்துப் போலீசும் மீன் விற்கும் ஒரு பெண்ணின் ஒரு சொல்லை நம்பி நின்றோம். அந்தச் சொல் பொய்யாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. நேர்மையை நம்பினோம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. கூப்பிட்டால் வருகிறவளுக்குச் சொந்தமாக ஒரு யோசனை இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

பட்டுப்புடவை கட்டி வந்த அந்த அம்மாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தட்டிக்குப் பின்னாலிருந்து அவர் கத்தியது சாலை வரை கேட்டது.

"மீன் கையை எம் மேல வைக்காதே!"

"கையக் கழுவிட்டேன்மா. எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவியிருக்கேன், மோந்து பாருங்க. மடியில இருக்குறத நீங்களே எடுத்துக் குடுத்துட்டா நான் தொடவே மாட்டேன்."

பிறகு, "இருக்கு" என்றீர்கள். அபின், சுருக்குப்பை நிறைய.

மறுநாள் ஒரு டாக்டர் சீட்டு வந்தது. வயிற்று வலிக்கு மருந்தாம். அவ்வளவு மருந்து தின்றால் ஒரு தெருவே எழுந்திருக்காது. கொமிசேர் சீட்டைப் படித்தார், மடித்தார், அந்த அம்மாளை வண்டி ஏற்றி அனுப்பினார். அதே வாரம் பிடிபட்ட விறகுக்காரிக்குச் சீட்டு எழுத டாக்டர் இல்லை. அவள் உள்ளே போனாள்.

நீங்கள் கூடையைத் தலையில் ஏற்றியபடி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, நான் இருக்குன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் சேந்து இல்லன்னு ஆக்கிட்டீங்க. அப்ப என் சொல்லுக்கு என்னா மரியாதை?"

அதற்குப் பிறகுதான் போலகத்துக் காத்தாயி வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை. தட்டிக்குப் பின்னால் போனவள் வெளியே வர வெகு நேரமாயிற்று. பிள்ளை அழுதது, அடங்கியது, மறுபடி அழுதது. பிறகு உங்கள் குரல். "ஒண்ணுமில்ல, போவட்டும்."

பஸ் போனது. தட்டியை மடக்கி வைக்க நான் பின்னால் போனேன். தரையில் ஒரு துண்டு வாழைச்சருகு கிடந்தது. எடுத்து முகர்ந்தேன்.

"அக்கா, இது என்னா?"

"சருகு."

"சருகுக்குள்ள என்னா இருந்துச்சு?"

"மோந்துட்டல்ல, அப்புறம் என்னா கேள்வி?"

"இது தப்புக்கா. நான் எழுதிக் குடுத்தா நீங்க உள்ள போவணும்."

"எழுதிக் குடு. அவள உள்ள போடு, என்னையும் போடு. அந்தப் புள்ளைக்கு யாரு பால் குடுப்பா, நீயா, ஒங்க கொமிசேரா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. உங்கள் மேல் மட்டுமல்ல. சருகை முகர்ந்து கண்டுபிடித்ததில் எனக்குள் வந்த சந்தோஷத்தின் மேலும். நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள்.

"சும்மா வுடல தம்பி. இனிமே இதத் தொடக் கூடாதுன்னு புள்ள தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கேன். கட்டிவுடுறது யாரு, அவுக்குறது யாருன்னு எனக்கு வந்து சொல்லணும். சந்தை நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா."

"வரலன்னா?"

"வரலன்னா நீ எழுதிக் குடு. நானே கைநாட்டு வைக்கிறேன்."

சந்தை நாளில் அவள் வந்தாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: நாகூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் கட்டிவிடுவார்கள், தருமபுரத்தில் ஒரு நெல் கிடங்கின் பின்வாசலில் அவிழ்ப்பார்கள், அவிழ்க்கும்போது முதலாளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். எந்த முதலாளி என்று நாங்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை. தோணிகளும் அந்தக் கிடங்கும் வைத்திருந்த அந்தப் பெரிய மனிதர் எங்கள் படை தொடங்கிய அன்று மேடையில் கொமிசேருக்கு மாலை போட்டவர்.

கிடங்கைச் சோதிக்க உத்தரவு வாங்க நாங்கள் பட்ட பாட்டை விடுங்கள். எப்படியோ ஒரு மத்தியானத்தில் உள்ளே நுழைந்தோம். நெல்லுக்கு அடியில் மூட்டைகள். ஹமீது அண்ணன் ஒன்றைப் பிரித்து, "என்னா முதலாளி, இது குறுவையா சம்பாவா?" என்று கேட்டார். முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது, காவல்காரன் வேலை என்றார். அவர் தெரிந்தே செய்தார் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு வாய் இருந்தது. அது காத்தாயியின் வாய்.

அதை அடைக்கத்தான் கோர்ட்டில் முதலாளியின் வக்கீல் உங்களைக் கூப்பிட்டார். சாவடி வழியாக அன்றைக்குக் கஞ்சா கொண்டுபோனதாகக் காத்தாயி சொல்கிறாள். சோதித்த பெண்ணோ ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே காத்தாயி சொல்வதெல்லாம் பொய். அவருடைய கணக்கு அவ்வளவுதான், நல்ல கணக்கு. நீங்கள் "ஆமாம், ஒன்றுமில்லை" என்றால் உங்கள் வேலை நிலைக்கும், முதலாளி வீட்டுக்குப் போவார். "இருந்தது" என்றால் வேலை போகும், உங்கள் மேலேயே வழக்கும் வரலாம்.

முந்தின நாள் கொமிசேர் உங்களை அழைத்து, "இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா படைக்கே கேவலம்" என்றார். "பட்டுப்பொடவைய வுட்டப்ப வராத கேவலம் இப்ப வந்துடுமாக்கும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பினீர்கள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வாயில் வெற்றிலை இல்லாமல் உங்களை அன்று கோர்ட்டில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். வக்கீல் கேட்டார்.

"அந்தப் பெண்ணைச் சோதித்தாயா?"

"சோதிச்சேங்க."

"ஒன்றுமில்லை என்று சொன்னாயா?"

"சொன்னேங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்காரப் போனார்.

"ஆனா இருந்துச்சுங்க" என்றீர்கள். "நான்தான் இல்லன்னு சொன்னேன்."

கோர்ட்டு அடங்க நேரமாயிற்று. ஏன் பொய் சொன்னாய் என்று நீதிபதியே கேட்டார்.

"அவ இடுப்புல இருந்தது அவ சரக்கு இல்லீங்க அய்யா. அந்தா நாக்காலியில ஒக்காந்திருக்காரே, அவரு சரக்கு. அவரு வர்றப்ப இருக்குன்னு சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இன்னைக்கு வந்திருக்காரு. சொல்லிட்டேன்."

காத்தாயி சொன்னதைக் கோர்ட்டு நம்பியது. முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. மேலே எந்தக் கோர்ட்டுக்குப் போயும் அவரால் அதைக் கழுவ முடியவில்லை. உங்கள் மேல் வழக்குப் போடச் சொல்லி ஒரு பேச்சு கிளம்பி, நீதிபதி முகம் சுளித்ததால் அடங்கியது. ஆனால் சாவடிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்களை நீக்க ஒரு தாள்கூடத் தேவைப்படவில்லை. எந்தத் தாளிலும் நீங்கள் இருந்ததே இல்லை.

நான் கொதித்தேன். நீங்கள் கூடையை எடுத்துக்கொண்டு அதே சாவடி வழியாகப் போனீர்கள். ஒவ்வொரு நாளும் நின்று, "மத்தி வாங்கு தம்பி. எல்லா மீனையும் சோதன போட்டுட்டேன், ஒண்ணுமில்ல" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. வரும்வரை நீங்கள் நகரமாட்டீர்கள்.

போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். தாமதமாகத்தான் எனக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்கிறார்கள். உங்கள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மழையில் வண்டி போகிற பாதை இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி. நல்லதையும் சொல்ல வேண்டும், அதுவும் உண்மைதான். பெரிய வீட்டுக்காரரும் உள்ளே போகலாம் என்பதை இந்தப் பக்கத்துப் பெண்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். கட்டிவிட வருகிறவனிடம் "ஒன் இடுப்புலயே கட்டிக்கிட்டுப் போ" என்று ஒருத்தி சொன்னாளாம். நிரவிச் சந்தையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு பெண்கள் தாங்களாகவே வந்து ஆள் காட்டினார்கள். இன்று நாங்கள் எரித்ததில் பெரும்பங்கு அப்படிக் கிடைத்ததுதான். பிடிபட்ட பெண்ணிடம் நான் இப்போது ஊரையும் பேரையும் முதலில் கேட்பதில்லை. பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கிறேன். அடுத்தது, கட்டிவிட்டவன் யார். இந்த வரிசை உங்களுடையது. படையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஹமீது அண்ணனும் கேட்கிறார், தன் யோசனை மாதிரி.

ஆனால் தட்டிக்குப் பின்னால் ஆள் இல்லை. கிடைத்த பெண்ணை, கிடைத்த நேரத்தில் கூப்பிடுகிறோம். பாதி நாள் யாரும் வருவதில்லை.

மூட்டைகளை எரித்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது காத்தாயி வாசலில் நின்றிருந்தாள். பிள்ளை இப்போது ஓடித்திரிகிறது. "அக்கா நின்ன எடத்துல நான் நிக்கிறேன்" என்றாள். "கூப்புட்டா வந்துட்டு, வேணாம்னா போற வேல வேணாம். பேர எழுதி வைங்க. நான் பொய் சொன்னா விசாரிச்சு, எழுதி, அப்புறம் அனுப்புங்க. ஒங்களுக்கெல்லாம் அப்படித்தானே?"

அவளை அழைத்துக்கொண்டு கொமிசேரின் அறைக்குள் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கஞ்சா கட்டிக்கொண்டு வந்தவளையா கொண்டுவந்து நிறுத்துகிறாய் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் கேட்டேன்:

"எங்க பேரு இருக்குற தாள்ல இவ பேரையும் எழுதுங்க சார். எப்ப எழுதுவீங்க?"

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.